கிரேக்கக் கம்பெனிக் கப்பலுக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் நல்ல மார்க். டெக் கேடட் (கப்பலில் பயிற்சி அதிகாரி) சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். "கிரேக்கக் கம்பெனி, கவலையே வேண்டாம், மொத்தம் எட்டு லட்சம், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லட்சம் அட்வான்ஸ்" என்கிறார். கிரீஸே திவாலான நாடு என்று டி.வி.யில் பார்த்தோமே, சம்பளம் ஒழுங்காக வருமா? பி.காம். படிக்கும் மகளுக்கும் இந்தத் துறையில் வழி உண்டா?
(தூத்துக்குடியிலிருந்து ஒரு தாய்)

பதில்:

அம்மா, அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. கப்பலில் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடமோ அவர் வீட்டாரிடமோ பணம் வாங்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதி. துறையில் எம்.எல்.சி. என்பார்கள். நம் நாட்டு விதிகளும் அதையேதான் சொல்கின்றன. உங்கள் கையிலிருந்து நியாயமாகப் போகக்கூடிய செலவு என்று பார்த்தால் பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சி.டி.சி. எனும் மாலுமிப் புத்தகம், படிப்புக் கட்டணம், அவ்வளவுதான். படிப்புக் கட்டணம் கல்லூரியின் பெயருக்கு வங்கி வழியாகப் போகும், ரசீது வரும். "ஸ்பான்சர்ஷிப்புக்கு இவ்வளவு, ஜாயினிங்குக்கு இவ்வளவு" என்று தனியாகக் கேட்டால் அது வேறு வியாபாரம்.

அடுத்து, திவால் கேள்வி. கிரீஸ் அரசு 2010இல் கடன் கட்ட முடியாமல் ஐரோப்பிய நாடுகளிடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் கையேந்தியது. 2015 கோடையில் ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடும் வந்தது. நீங்கள் டி.வி.யில் பார்த்தது இதைத்தான். அதே ஆண்டுகளில் கிரேக்க முதலாளிகளின் கப்பல்கள் உலகில் முதல் வரிசையில் இருந்தன. ஒரு கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட அந்த நாட்டின் முதலாளிகளிடம் இன்றும் உலகக் கப்பல் கொள்ளளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருக்கிறது. அவை ஏற்றுவது பிரேசில் இரும்புத்தாது, வளைகுடா எண்ணெய், அமெரிக்க எரிவாயு, கருங்கடல் கோதுமை. வாடகை டாலரில் வருகிறது. ஏதென்ஸ் கஜானா காலியானதால் பிரேயஸ் துறைமுகத்துக் கப்பல் ஆபீஸில் சம்பளம் நிற்காது. அந்தக் குறிப்பிட்ட முதலாளியிடம் பணம் இல்லாவிட்டால்தான் நிற்கும். ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டியது நாட்டை அல்ல, ஆளை. ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் சிக்கல். ஏன் சிக்கல் என்பதற்கு அந்தத் தொழிலின் பழக்கவழக்கம் தெரிய வேண்டும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நீதிமன்றப் பேச்சு ஒன்றில் ஒரு கப்பல் கடன் பத்திரம் அப்படியே இருக்கிறது. கருங்கடல் வரை போய்த் திரும்ப 3,000 திராக்மா கடன், ஈடு 3,000 ஜாடி ஒயின். வட்டி ஆயிரத்துக்கு 225. சுவாதி நட்சத்திரம் விடியலில் எழத் தொடங்கும் நாளுக்கு முன், அதாவது செப்டம்பர் நடுவுக்குள், கருங்கடலை விட்டுக் கிளம்பாவிட்டால் ஆயிரத்துக்கு 300. அதற்குப் பிறகு புயல் காலம், ஆபத்துக்கு ஏற்ற வட்டி. கப்பல் மூழ்கினால் கடன் தீர்ந்தது, கொடுத்தவருக்குத்தான் நஷ்டம். நம் கடற்கரைக்கும் இதே கணக்கு வந்திருக்கிறது: சேரர்களின் முசிறித் துறைமுக வணிகத்துக்காகக் கிரேக்க மொழியில் எழுதிய கடன் பத்திரம் ஒன்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது.

மூழ்கினால் கடன் இல்லை என்றதும் ஒருவனுக்கு யோசனை வராதா? வந்தது. ஹெகெஸ்த்ராதோஸ் என்ற கப்பல்காரன் சிராகூஸில் கடன் வாங்கிப் பணத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, கரையிலிருந்து இரண்டு மூன்று நாள் தொலைவில், இரவில் கப்பலின் அடித்தளத்தில் இறங்கி ஓட்டை போட்டான். சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடி வர, படகில் தப்பப் பாய்ந்தவன் இருட்டில் படகைத் தவறவிட்டுக் கடலில் முடிந்தான். கப்பல் தப்பிக் கரை சேர்ந்தது. ஆபத்தைப் பங்கு போட்டு யார் தலையில் எவ்வளவு என்று முன்பே எழுதி வைப்பதும், அந்த எழுத்தின் சந்துபொந்தில் ஏமாற்றுபவன் இருப்பதும் அன்றிலிருந்தே கூட வருகின்றன.

வேறு நாட்டுக் கொடியில் கப்பல் ஓட்டும் வித்தையும் புதிதல்ல. ஹைட்ரா, ஸ்பெட்ஸெஸ், ப்ஸாரா என்ற சின்னத் தீவுகளின் கப்பல்காரர்கள் உஸ்மானியப் பேரரசின் குடிமக்கள். ரஷ்யாவுக்கும் பேரரசுக்கும் 1774இல் உடன்படிக்கை ஆன பிறகு, ரஷ்யக் கொடியை ஏற்றிக் கருங்கடல் கோதுமையை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். நெப்போலியன் போரில் முற்றுகையை மீறித் தானியம் இறக்கி நல்ல காசு பார்த்தார்கள். விளைநிலம் இல்லாத பாறைத் தீவான ஹைட்ராவில் இன்றும் நிற்கும் பெரிய கல் வீடுகள் அந்தக் காசில் எழுந்தவைதான். அப்படிச் சம்பாதித்த கேப்டன்களில் ஒருவர் அந்திரேயாஸ் மியாவுலிஸ். 1821 விடுதலைப் போரில் கடற்படைத் தலைவரானார். பிரேயஸில் கப்பல் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர்தான்.

இரண்டாம் உலகப் போரில் கிரேக்க வணிகக் கப்பல்களில் பெரும்பகுதி மூழ்கிப் போனது. அமெரிக்கா போருக்குக் கட்டிய லிபர்ட்டி ரகக் கப்பல்களில் 100ஐ, 1947இல் கிரேக்க முதலாளிகள் தங்கள் அரசின் உத்தரவாதத்தில், தவணைக்கு வாங்கினார்கள். ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன் சுமக்கும், மணிக்கு 11 நாட் வேகம். பழைய குடும்பங்கள் மறுபடி எழுந்து நின்றது அந்த நூறின் மேல்தான். ஓனாசிஸ், நியார்கோஸ் போன்ற கிரேக்க முதலாளிகள் பனாமா, லைபீரியா கொடிகளில் டேங்கர் எனும் எண்ணெய்க் கப்பல்களைக் கட்டினார்கள். பிறகு கிரீஸ் அரசு இவர்களை ஊரிலேயே வைத்துக்கொள்ள, 1975இல் லாபத்தைப் பார்க்காமல் கப்பலின் டன்னையும் வயதையும் பார்த்து வரி போடும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆபீஸ் பிரேயஸிலும் ஏதென்ஸின் புறநகர்களிலும் இருக்கும், கொடி வெளியூரில் இருக்கும் என்ற இன்றைய ஏற்பாடு இப்படித்தான் வந்தது.

இதனால் மகனின் ஒப்பந்தத்தில் கிரேக்கப் பெயரே இல்லாமல் போகலாம். பதற வேண்டாம். கப்பலின் பதிவு உரிமையாளர் மார்ஷல் தீவுகளிலோ லைபீரியாவிலோ பதிந்த, ஒரே ஒரு கப்பலை மட்டும் வைத்திருக்கும் கம்பெனியாக இருப்பார். ஒரு கப்பலுக்கு வந்த கடன் மற்றக் கப்பலைத் தொடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. உண்மையில் கப்பலை நடத்துவது பிரேயஸ் பக்கத்து மேனேஜ்மென்ட் கம்பெனி. உங்களிடம் பேசுவது, கப்பலுக்கு ஆள் சேர்த்துத் தரும், மும்பையிலோ சென்னையிலோ உள்ள மேனிங் கம்பெனி. உரிமையாளர், மேனேஜர், மேனிங் கம்பெனி என மூன்று பெயர்களும் வேலை ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும், மாதச் சம்பளம், ஒப்பந்தக் காலம், ஊர் திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு என்பது உட்பட. மேனிங் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். எனும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று, மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். உரிமம் இல்லாத ஏஜென்ட் "நான் அந்தக் கம்பெனியின் ஆள்" என்று சொன்னால், அந்தக் கம்பெனியிடமே கேட்க வேண்டும்.

கப்பலின் பெயர் தெரிந்தால், அதன் நிரந்தர அடையாளமான ஐ.எம்.ஓ. எண்ணையும் கேளுங்கள். கப்பல் பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார், அந்த ஏழு இலக்க எண் மாறாது. அது பொய் எண்ணா என்று ஒரு பென்சிலால் சோதிக்கலாம். 9074729 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 63, 0, 35, 16, 21, 4. கூட்டினால் 139. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 9. எண்ணின் ஏழாவது இலக்கமும் 9. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் அப்படி ஒரு கப்பலே கிடையாது. பொருந்தினால் ஈக்வாசிஸ் என்ற இலவசத் தளத்தில் பதிவு செய்து அந்த எண்ணைப் போடுங்கள். கட்டிய ஆண்டு, உரிமையாளர், மேனேஜர், கப்பலின் தகுதியைச் சோதித்துச் சான்று தரும் வகுப்புச் சங்கம், துறைமுக ஆய்வில் எத்தனை முறை பிடித்து நிறுத்தினார்கள் என்பதெல்லாம் வரும். ஒரு முறை நிறுத்தியிருந்தால் அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அதே மேனேஜரின் கப்பல்கள் மீண்டும் மீண்டும் நின்றிருந்தால் ஒதுக்குங்கள்.

அந்தப் பக்கத்திலேயே பி அண்ட் ஐ காப்பீடு, அதாவது மாலுமிக்கும் மற்றவர்களுக்கும் முதலாளி தர வேண்டிய பணத்துக்கான காப்பீடு, யாரிடம் என்றும் பாருங்கள். அதைத் தரும் சங்கங்களைக் கிளப் என்பார்கள், அவற்றின் பன்னாட்டுக் குழுவில் 12 கிளப்கள் இருக்கின்றன. பெரும்பாலான நல்ல கப்பல்கள் அவற்றில் ஒன்றில் இருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டால் நான்கு மாதம் வரைக்குமான சம்பள பாக்கியும் ஊர் திரும்பும் செலவும் அந்தக் காப்பீட்டிலிருந்துதான் வரும். 2017 ஜனவரி முதல் அதற்கான சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். இரண்டு மாதம் சம்பளம் வராமல் இருந்தாலே கைவிடப்பட்டதாகக் கணக்கு. ஆறு மாதம் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு முறையிடும் பையன்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

2022க்குப் பிறகு கிரேக்க முதலாளிகளிடமிருந்த வயதான டேங்கர்கள் பல, ரஷ்ய எண்ணெய் ஏற்றும் பெயர் தெரியாத கம்பெனிகளுக்கு விற்கப்பட்டன. ஏஜென்ட் வாயில் அது இன்னும் "கிரேக்கக் கப்பல்" ஆகவே இருக்கும். ஈக்வாசிஸில் சமீபத்தில் மேனேஜர் மாறி, கொடியும் மாறி, காப்பீட்டு இடம் காலியாக இருந்தால் அந்தக் கப்பலில் ஏற வேண்டாம்.

சரி, நல்ல கம்பெனிதான் என்று வைத்துக்கொள்வோம். வேலை எப்படி இருக்கும்? கிரேக்க முதலாளிகளிடம் அதிகம் இருப்பது, தானியம், தாது போன்றவற்றை மூட்டை கட்டாமல் கொட்டி ஏற்றும் பல்க் கேரியரும் டேங்கரும். அண்மைக் காலமாக எல்.என்.ஜி. எனும் திரவ எரிவாயுக் கப்பல்களும். கன்டெய்னர் கப்பல் வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் அதைப் பெரிய லைனர் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பல்க், டேங்கர் இரண்டும் பேருந்து மாதிரி நேர அட்டவணையில் ஓடாது, லாரி மாதிரி. சரக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே போகும். சில துறைமுகங்களுக்கு வெளியே இரண்டு மூன்று வாரம் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். தீபாவளிக்கு வருகிறேன் என்று மகன் சொன்னால் டிக்கெட் போட்ட பிறகு நம்புங்கள்.

கேடட்டாகப் போகிறவன் முதல் மாதத்திலேயே சந்திக்கக்கூடிய வேலை, ஹோல்டு எனும் சரக்கு அறையைக் கழுவுவது. பனாமாக்ஸ் எனும் நடுத்தர ரகப் பல்க் கப்பலில் 7 ஹோல்டுகள், ஒவ்வொன்றும் பல மாடி ஆழம். நிலக்கரி இறக்கிய கப்பல் அடுத்துக் கோதுமை ஏற்றப் போகிறது என்றால், போகும் வழியில் சில நாள்களுக்குள் அத்தனையும் சுத்தமாக வேண்டும். முதலில் கூட்டி அள்ளுதல், பிறகு அழுத்தமான கடல்நீர், பிறகு நல்ல தண்ணீர். உப்பு காய்ந்து நின்றால் தானியத்துக்கு ஆகாது, துருவும் ஏறும். தளர்ந்த துரு, உரிந்த பெயின்ட் எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும். அடியில் நீர் சேரும் பில்ஜ் கிணற்றைக் கையால் அள்ளிக் காயவைத்துச் சாக்குத் துணி போர்த்த வேண்டும். துறைமுகத்தில் சர்வேயர் இறங்கி வருவார். கீழே பளபளவென்று இருப்பதை அவர் பார்க்க மாட்டார். மேலே இரும்புச் சட்டங்களின் விளிம்பில், ஹோல்டின் வாயை மூடும் ஹேட்ச் மூடியின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தேய்ப்பார். கரித்தூள் விரலில் ஒட்டினால் கப்பல் ஃபெயில். மறுபடி கழுவி முடிக்கும் வரை வாடகை நிற்கும், ஒவ்வொரு மணி நேரமும் பிரேயஸிலிருந்து போன் வரும். அந்த நெருக்கடியில்தான் ஓய்வு நேரம் காற்றில் போகும். விதிப்படி 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு. செய்த வேலையை ஓய்வாக எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். முதல் முறை போட்டால் எப்போதும் போட வேண்டியிருக்கும் என்று மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கிரேக்க முதலாளிகளிடம் இன்னொரு குணம் உண்டு. சரக்குக் கட்டணத்தில் சம்பாதிப்பது போலவே கப்பலை வாங்கி விற்பதிலும் சம்பாதிப்பார்கள். சந்தை விழுந்தால் வாங்குவார்கள், ஏறினால் விற்றுவிடுவார்கள். கேடட்டுக்கு இது நேரடிச் சிக்கல். பயிற்சிக்கு வேண்டிய 18 மாதக் கடல் சேவையில் 7 மாதம் முடிந்திருக்கும்போது கப்பல் விற்கப்பட்டு எல்லோரும் இறக்கப்படலாம். பயிற்சிப் பதிவேட்டில் சீஃப் ஆபீசரின் கையெழுத்து விட்டுப்போயிருந்தால், அவர் பிறகு எந்த நாட்டில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? பதிவேட்டை வாராவாரம் எழுதி, மாதாமாதம் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் வாங்கிவிட வேண்டும். இறங்கும் நாளில் கேப்டனிடமிருந்து கடல் சேவைச் சான்று கையில் இருக்க வேண்டும், "மெயிலில் அனுப்புகிறோம்" என்ற பதில் ஆகாது.

செங்கடல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூனில் டியூட்டர், 2025 ஜூலையில் மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி. மூன்றுமே கிரேக்க நிர்வாகத்தில் லைபீரியக் கொடியில் ஓடிய பல்க் கேரியர்கள், மூன்றும் ஏமனின் ஹூதி படையினர் தாக்குதலில் மூழ்கின. டியூட்டரிலும் எடர்னிட்டி சி கப்பலிலும் உயிர்கள் போயின. வாடகை ஏறும் இடத்துக்கு மற்றவர்கள் தயங்கும்போது போவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம், சுவாதிக்குப் பிறகு கிளம்பினால் 300 என்று எழுதினார்களே, அதன் தொடர்ச்சி. ஆனால் இப்போது கூடுதல் பணத்தில் மாலுமிக்கும் பங்கு உண்டு. ஐ.பி.எஃப். எனும், மாலுமிச் சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடித்த கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் உள்ள கப்பல் என்றால், போர்ப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்குள் போக மறுக்கலாம், கம்பெனி செலவில் ஊர் திரும்பலாம், போனால் அந்த நாள்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. மகனின் கப்பலுக்கு அந்த ஒப்பந்தம் உண்டா என்று ஏறும் முன் கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் பதில் மழுப்பலாக வரும்.

படிப்புக்கான வழி பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் செலவழிக்கும் முன் டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் கண் பரிசோதனை. டெக் பிரிவுக்குக் கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை வேண்டும், நிறக்குருடு இருக்கவே கூடாது. இது தெரியாமல் கல்லூரியில் பணம் கட்டி மருத்துவத்தில் நின்றுபோகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. இயந்திரப் பிரிவுக்குக் கண்ணாடி ஓரளவு வரை பரவாயில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம், ஆங்கிலத்தில் 50 சதவீதம். பிறகு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. டி.என்.எஸ். எனும் கப்பலோட்டும் டிப்ளமோ என்றால் ஓராண்டு வகுப்பு, 18 மாதம் கப்பல். பி.எஸ்சி. நாட்டிக்கல் என்றால் மூன்றாண்டு வகுப்பு, 12 மாதம் கப்பல். அதன்பின் செகண்ட் மேட் எனும் அதிகாரித் தகுதித் தேர்வு.

என் தனிப்பட்ட கருத்து, ஸ்பான்சர்ஷிப் கிடைத்தால் டி.என்.எஸ்., கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. ஸ்பான்சர்ஷிப் என்பது படிப்பு முடிந்ததும் எங்கள் கப்பலில் ஏற்றுவோம் என்று கம்பெனி தரும் உறுதி. கம்பெனிகள் தாங்களே தேர்வும் நேர்காணலும் வைத்துத் தருவார்கள். இந்தியாவில் வகுப்பு முடித்துவிட்டுக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பையன்கள் நிறைய, அந்தப் பயத்தைத்தான் ஏஜென்ட் எட்டு லட்சமாக மாற்றுகிறார். பி.எஸ்சி.யில் கப்பல் தாமதமானாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

மகள் விஷயம். கப்பல் ஒன்று கடலில் ஓட, கரையில் பலர் கணக்குப் போடுகிறார்கள். பி.காம். படித்தவருக்கு நேரே பொருந்துவது சார்ட்டரிங், அதாவது கப்பலை வாடகைக்குப் பேசுவது, முடிந்த பிறகு வரும் கணக்கு வேலை. சரக்கு ஏற்ற 72 மணி நேரம் என்று ஒப்பந்தம், 96 மணி ஆகிவிட்டது, தாமதக் கட்டணம் நாளுக்கு 20,000 டாலர் என்றால், ஒரு நாள் கூடுதல், 20,000 டாலர். கேட்க எளிது. மழையில் நின்ற நேரம், துறைமுக விடுமுறை, கப்பல் தயார் என்று கேப்டன் நோட்டீஸ் கொடுத்த நிமிடம், இவற்றில் எது கணக்கில் சேரும், எது சேராது என்பதில்தான் சண்டை. அதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு மும்பை, சென்னை, சிங்கப்பூர் அலுவலகங்களில் இடம் உண்டு. இன்ஸ்டிட்யூட் ஆஃப் சார்ட்டர்ட் ஷிப்புரோக்கர்ஸ் தேர்வுகளை வேலை பார்த்துக்கொண்டே தனித்தனியாக எழுதலாம். பிரேயஸ் பல்கலைக்கழகத்தில் கப்பல் துறைக்கென்றே தனித் துறை இருந்தாலும், இளநிலைப் படிப்பு கிரேக்க மொழியில். அதற்காக இப்போது அங்கே போக வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் போன் செய்வார். கம்பெனியின் முழுப் பெயரும் ஆர்.பி.எஸ்.எல். எண்ணும் மட்டும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் லெட்டர்ஹெட் படம் அனுப்பினால், அதில் இருக்கும் நம்பருக்குப் போன் போடாதீர்கள். டி.ஜி. ஷிப்பிங் பட்டியலில் அந்தக் கம்பெனிக்கு என்ன முகவரி இருக்கிறதோ அதற்குப் படத்தை அனுப்பி, "இது உங்களுடையதா, இந்த ஆள் உங்கள் ஆளா?" என்று எழுதிக் கேளுங்கள்.